டாரட் படிக்கத் தொடங்குகிறவர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்பவை

நீங்கள் எப்படி டாரட்டுக்குள் வந்தீர்கள்?

டாரட் என்பது குறி பார்க்கப் பயன்படும் படச் சீட்டுக்கட்டு. நான் அதற்குள் வந்தது படத்துக்காக. ஜோசியத்தில் எனக்கு அன்றும் ஈடுபாடு கிடையாது, இன்றும் கிடையாது. கோட்டோவியங்கள் என்றால் பைத்தியம். பழைய புத்தகச் சித்திரங்களைத் தேடிக்கொண்டிருந்தபோது பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த சில கார்டுகள் கண்ணில் பட்டன. கறுப்புக் கோடு, தட்டையான வண்ணம், மேடை நாடகத்தில் நிற்பதுபோல நிற்கும் மனிதர்கள். ஒவ்வொரு கார்டிலும் ஒரு கதை பாதியில் நிறுத்தப்பட்டிருந்தது. மீதியைத் தெரிந்துகொள்ளும் ஆசையில் டெக், அதாவது முழுக் கட்டு, வாங்கினேன். பார்த்துக்கொண்டே இருந்ததில் படிக்கவும் வந்துவிட்டது. அதன்பிறகு, "எனக்கும் எடுத்துச் சொல்லேன்" என்று தெரிந்தவர்கள் உட்கார ஆரம்பித்தார்கள்.

ஒரு டெக்கில் என்னென்ன இருக்கும்?

மொத்தம் 78 கார்டுகள். அதில் 22 மேஜர் அர்கானா: முட்டாளில் தொடங்கி உலகத்தில் முடியும் பெரிய படங்கள். மரணம், கோபுரம், காதலர்கள், சூரியன் என்று சினிமாவில் காட்டுவதெல்லாம் இவைதான். முட்டாளுக்கு எண் 0, உலகத்துக்கு 21.

மீதி 56 மைனர் அர்கானா, சின்ன கார்டுகள். கோல், கோப்பை, வாள், நாணயம் என நான்கு வகை. ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் பத்து வரை எண் கார்டுகள், அதற்கு மேல் பேஜ் (பணியாள்), நைட் (குதிரை வீரன்), ராணி, ராஜா என்று நான்கு ஆள் கார்டுகள். சாதாரணச் சீட்டுக்கட்டை விளையாடியவர்களுக்கு இந்த அமைப்பு புதிதாகத் தெரியாது. ஆள் கார்டு மூன்றுக்குப் பதில் நான்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

டாரட் எகிப்துப் பூசாரிகளின் ரகசிய ஞானம் என்கிறார்களே?

அழகான கதை. ஆனால் கதைதான்.

டாரட் பிறந்தது 15ஆம் நூற்றாண்டில், வட இத்தாலியில். அதுவும் சீட்டு விளையாட்டாக. ஃப்ளாரன்ஸ் வட்டார நோட்டரி ஒருவர் 1440-ல் எழுதிய நாட்குறிப்பில் இந்தச் சீட்டுக்கட்டைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. 1442-ல் ஃபெராரா அரண்மனைக் கணக்கிலும் வருகிறது. மிலான் பிரபுக் குடும்பத்துக்காகத் தங்கத் தகடு ஒட்டி வரைந்த விஸ்கோன்டி-ஸ்ஃபோர்ஸா கார்டுகள் இன்றும் இருக்கின்றன. 22 பெரிய கார்டுகளில் முட்டாளைத் தவிர மற்றவை துருப்புச் சீட்டாகத்தான் சேர்க்கப்பட்டன. மற்ற கார்டுகளை வெட்டி எடுக்க. பிரான்ஸிலும் ஆஸ்திரியாவிலும் இன்றைக்கும் டாரட்டை விளையாட்டாக ஆடுகிறார்கள். அவர்களிடம் போய் "எனக்கு எதிர்காலம் சொல்லுங்கள்" என்றால் விநோதமாகப் பார்ப்பார்கள்.

எகிப்துக் கதையைக் கிளப்பிவிட்டவர் பிரெஞ்சு அறிஞர் கூர் த ஜெபலான். ஆண்டு 1781. கார்டுகளைப் பார்த்தவுடனே இது எகிப்திய ஞான நூல் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அப்படியே எழுதியும் விட்டார். அப்போது எகிப்திய எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் உலகத்தில் ஒருவரும் இல்லை. பிரெஞ்சு ஆய்வாளர் ஷாம்போலியன் அதற்கு வழி கண்டது 1822-ல்தான். மறுக்க ஆள் இல்லாத இடத்தில் எதையும் சொல்லலாம். அதே காலத்தில் அல்லியெத் என்பவர் தன் பெயரைத் தலைகீழாகத் திருப்பி 'எத்தெய்யா' என்று வைத்துக்கொண்டு, டாரட்டில் குறி சொல்லும் முறையைப் புத்தகமாகப் போட்டார். டாரட் தொழிலாகக் கால் ஊன்றியது அங்கிருந்துதான்.

முந்நூறு ஆண்டுக்கும் மேல் விளையாட்டு, அதன்பிறகு குறி. இந்த வரிசை தெரிந்தால் கார்டைப் பார்த்து வரும் பயம் பாதி குறையும்.

முதல் டெக் எதை வாங்குவது?

ரைடர்-வெய்ட்-ஸ்மித். தயங்கவே வேண்டாம். 1909 கடைசியில் லண்டனில் ரைடர் பதிப்பகம் வெளியிட்டது. திட்டம் மறைஞான எழுத்தாளர் ஆர்தர் எட்வர்ட் வெய்ட்டுடையது, படங்கள் பமீலாவுடையவை. அதுவரை பெரும்பாலான டெக்குகளில் கோப்பை ஐந்து என்றால் ஐந்து கோப்பைகளை அடுக்கி வரைந்திருப்பார்கள். அதை என்னவென்று படிப்பது? பமீலா அந்தச் சின்ன கார்டுகள் ஒவ்வொன்றிலும் ஆட்களையும் இடத்தையும் ஒரு நிகழ்ச்சியையும் கொண்டுவந்தார். இதற்கு முன்மாதிரியே இல்லை என்று சொல்ல முடியாது. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியின் சோலா புஸ்கா டெக்கில் எண் கார்டுகளுக்கும் படம் உண்டு. அதிலுள்ள வாள் மூன்றையும் பமீலாவின் வாள் மூன்றையும் பக்கத்தில் வைத்தால் ஒற்றுமை பளிச்சென்று தெரியும்: ஒரு இதயம், அதைத் துளைக்கும் மூன்று வாள்கள். ஆனாலும் இன்றைக்குக் கடையில் இருக்கும் டெக்குகளில் பெரும்பாலானவை பமீலா போட்ட பாதையில்தான் நடக்கின்றன.

சில மாதங்களில் எழுபத்தெட்டு படங்களையும் வரைந்து முடித்துவிட்டு, பெரிய வேலை, மிகக் குறைந்த காசு என்று புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார் அவர். 1951-ல் கடனோடுதான் இறந்தார். டெக் உலகமெல்லாம் பரவியது, ஆனால் வெகுகாலம் அதன் பெயர் ரைடர்-வெய்ட் மட்டுமே. ஸ்மித்தைச் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தது ரொம்பப் பின்னால்தான். எனக்கு இது ஆறாத கோபம். கார்டுகளின் மூலையில் பின்னிப் பிணைந்த ஒரு சின்ன முத்திரை இருக்கும். அதுதான் அவர் கையெழுத்து, தேடிப் பாருங்கள்.

முதல் டெக்கை யாராவது பரிசாகத்தான் தரவேண்டுமாமே?

யாரோ கிளப்பிவிட்டது. காத்திருக்காமல் போய் வாங்குங்கள்.

78 அர்த்தத்தையும் மனப்பாடம் பண்ணணுமா?

அப்படித் தொடங்குகிறவர்கள்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள். டெக்கோடு வரும் குட்டிப் புத்தகம் ஒவ்வொரு கார்டுக்கும் நாலைந்து சொற்களைக் கொடுத்திருக்கும். "இழப்பு, வருத்தம், ஏமாற்றம்." பரீட்சைக்குப் படிப்பதுபோல உருப்போட்டால் வாயில் அதுதான் வரும். கார்டு கண்ணுக்குத் தெரியாது.

நான் சொல்லும் வழி வேறு. முதலில் எண்களைக் குறுக்கே பாருங்கள். நான்கு ஐந்துகளையும் எடுத்து வரிசையாக வையுங்கள். கோல் ஐந்தில் ஐந்து பேர் கம்பைச் சுழற்றிக்கொண்டிருக்கிறார்கள். கோப்பை ஐந்தில் கறுப்புப் போர்வைக்காரர் ஒருவர் கவிழ்ந்த மூன்று கோப்பைகளைப் பார்த்துத் தலை குனிந்து நிற்கிறார். வாள் ஐந்தில் ஒருவன் வாள்களைப் பொறுக்கிக்கொண்டு ஏளனமாகப் பார்க்க, இருவர் விலகிப் போகிறார்கள். நாணயம் ஐந்தில் இரண்டு ஏழைகள் பனியில் நடக்கிறார்கள். நான்கிலும் ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது. கைகலப்பு, துக்கம், அவமானம், வறுமை. ஐந்து என்றால் சிக்கல் என்பது புத்தகம் சொல்லாமலே புரிந்துவிடும். இப்படிப் பத்து எண்கள், நான்கு வகைகள் என்று பிடித்தால் நாற்பது கார்டு கைக்குள் வந்துவிடும்.

அப்புறம் ஒரு கார்டை எடுத்துவைத்து, அர்த்தம் பக்கமே போகாமல், படத்தில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள். அந்த நாணயம் ஐந்தையே எடுத்துக்கொள்வோம். இரவு, பனி கொட்டுகிறது. ஒரு பெண் கந்தல் போர்வையோடு முன்னால் போகிறாள். பின்னால் ஊன்றுகோல்களோடு ஒருவன், கழுத்தில் மணி கட்டியிருக்கிறது. அவர்களுக்கு மேலே வண்ணக் கண்ணாடி ஜன்னல், உள்ளே வெளிச்சம். இதே படத்தை இரண்டு பேரிடம் காட்டினேன். ஒருவர், "பக்கத்துலயே கோயில் மாதிரி இடம் இருக்கு, நிமிர்ந்து பார்க்காமப் போறாங்களே" என்றார். இன்னொருவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இதுல கதவே வரையலையே, எங்க போய்த் தட்டுறது?" என்றார். படம் ஒன்றுதான். உதவி இருந்தும் கேட்காதவரின் கதையை முதலாமவர் பார்த்தார், கேட்க வழியே இல்லாதவரின் கதையை இரண்டாமவர் பார்த்தார். டாரட்டில் நான் நம்புவது இந்த ஒன்றைத்தான். கார்டு பதில் சொல்வதில்லை, பார்ப்பவரைப் பேச வைக்கிறது.

ஆள் கார்டுகள் பதினாறும் எல்லாருக்குமே தலைவலி. வாள் ராணி வந்தால் அது கேட்பவரா, அவருடைய மேலதிகாரியா, இல்லை "கறாராக இரு" என்ற யோசனையா? மூன்றுமாக இருக்கலாம். கேட்பவரிடமே, "இந்தப் படத்தில் இருப்பவரைப் பார்த்தால் யார் ஞாபகம் வருகிறது?" என்று கேட்டுவிடுவேன்.

எப்படிக் கேள்வி கேட்பது?

ரீடிங்கில், அதாவது ஒருவருக்குக் கார்டு படிப்பதில், பாதி வேலை இதுதான். "அவர் திரும்பி வருவாரா?" என்பதை வைத்துக்கொண்டு கார்டு எடுத்தால் ஆம், இல்லை என்று ஊகிப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது. "இவ்வளவு நாள் நான் எதற்காகக் காத்திருக்கிறேன்?" என்று மாற்றினால் பேச இடம் கிடைக்கும். "வேலை கிடைக்குமா?" என்பதை "இந்த நேர்காணலுக்கு முன் நான் எதைக் கவனிக்காமல் விடுகிறேன்?" என்று மாற்றலாம். கேள்வியின் முனை கேட்பவரை நோக்கித் திரும்பவேண்டும், அவர் கையில் இருப்பதைத் தொடவேண்டும்.

கார்டையே எடுக்காமல் கேள்வியைத் திருத்துவதிலேயே நேரம் போய், "சரி, எனக்குப் புரிஞ்சிடுச்சு" என்று எழுந்து போனவர்களும் உண்டு. அதுவும் நல்ல ரீடிங்தான் என்பேன்.

எத்தனை கார்டு எடுப்பது?

ஒன்று. பழகியபின் மூன்று. கெல்டிக் கிராஸ் என்னும் பத்துக் கார்டு ஸ்ப்ரெட்டை (கார்டுகளைப் பரப்பி வைக்கும் முறையை) வெய்ட் தன் புத்தகத்தில் பிரபலமாக்கினார். எல்லாரும் முதல் வாரமே அதில் குதிக்கிறார்கள். பத்துக் கார்டும் பத்துப் பக்கம் இழுக்கும், கடைசியில் நமக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கி எடுப்போம். மூன்று கார்டில் அப்படித் தப்ப முடியாது. கடந்தது, நடப்பது, வருவது என்று வைப்பதைவிட, நிலைமை, தடை, செய்யக்கூடியது என்று வைத்துப் பாருங்கள். 'வருவது' என்று ஓர் இடத்தை வைத்தாலே பேச்சு ஜோசியமாகிவிடும்.

தலைகீழாக வரும் கார்டை எப்படிப் படிப்பது?

தொடக்கத்தில் நேராகத் திருப்பி வைத்துவிடுங்கள். தலைகீழுக்குத் தனி அர்த்தம் கொடுக்கும் வழக்கம் எத்தெய்யா காலத்திலிருந்தே உண்டு, ஆனால் கட்டாயம் இல்லை. நேர்க் கார்டிலேயே வெளிச்சமும் நிழலும் இருக்கிறது. சூரியன் கார்டு நேராக வந்தாலும் வெயில் சுடத்தான் செய்யும்.

மரணம் கார்டு வந்துவிட்டது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். ஆனால் "அது மாற்றத்தைத்தான் குறிக்கும்" என்று சிரித்துக்கொண்டே கடந்துபோவதும் எனக்குப் பிடிக்காது. படத்தைப் பாருங்கள். கறுப்புக் கவசம் போட்ட எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையில் வருகிறது. கையில் கறுப்புக் கொடி, கொடியில் வெள்ளை ரோஜா. ராஜா கீழே விழுந்து கிடக்கிறான், கிரீடம் கழன்றுவிட்டது. மதகுரு கை கூப்பி நிற்கிறார். ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். குழந்தை மட்டும் நிமிர்ந்து நேராகப் பார்க்கிறது. தூரத்தில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன். உதிக்கிறதா, மறைகிறதா என்பது பார்ப்பவர் பாடு. முடிவு வரும்போது ஆளுக்கு ஒரு விதமாக நிற்கிறார்கள். "இதில் நீங்கள் யார்?" என்று கேட்டால் யாரும் பயப்படுவதில்லை, யோசிக்கிறார்கள்.

யாராவது இந்தக் கார்டைக் காட்டி ஆயுளைப் பற்றிப் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரே கார்டு என்னைத் துரத்துகிறது. ஏதோ சொல்ல வருகிறதா?

இதற்குக் கொஞ்சம் கணக்கு போடலாம். 78 கார்டைக் கலைத்து தினம் ஒன்று எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏதாவது ஒரு கார்டு இரண்டாம் முறை தலைகாட்ட எத்தனை நாள் ஆகும்? 39 நாள் என்றுதான் பலரும் சொல்வார்கள். 11 நாளிலேயே அந்த வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும். இரண்டு வாரத்தில் சுமார் 70 சதவீதம். ஒரு வருஷம் தினமும் எடுத்தால் ஒவ்வொரு கார்டும் சராசரியாக நாலைந்து முறை வரும், மரணமும் கோபுரமும் உட்பட. பத்துக் கார்டு ஸ்ப்ரெட்டில் நீங்கள் பயப்படும் கார்டு இருப்பதற்கு எட்டில் ஒரு வாய்ப்பு.

அதோடு, சரியாகக் கலைக்காத டெக்கில் நேற்று பக்கத்தில் இருந்தவை இன்றும் பக்கத்திலேயே இருக்கும். புது டெக் வரிசையாக அடுக்கித்தான் வரும். நன்றாகக் கலையுங்கள், மேஜையில் பரப்பிப் போட்டு இரண்டு கையாலும் துழாவுங்கள்.

கணக்குச் சொன்னதால் அந்தக் கார்டைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. துரத்துகிறது என்று உங்களுக்குத் தோன்றுகிறதே, வேறு கார்டு இரண்டு தரம் வந்தபோது அப்படித் தோன்றவில்லையே, ஏன்? யோசிக்கவேண்டியது அங்கேதான்.

அப்படியானால் டாரட் எதிர்காலத்தைச் சொல்லாதா?

சொல்லாது. இதைச் சொன்னதும் சிலருக்கு முகம் வாடிவிடும். ஆனால், "எனக்குச் சொன்னது அப்படியே பொருந்தியதே" என்பார்கள். பொருந்தத்தான் செய்யும். 1948-ல் உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்களுக்கு ஒரு குணநலத் தேர்வு வைத்தார். பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனி அறிக்கை கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி நான்குக்கு மேல் வந்தது. எல்லாருக்கும் அவர் கொடுத்தது ஒரே அறிக்கைதான். வரிகளை ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். "சில நேரம் கலகலப்பாக இருக்கிறீர்கள், சில நேரம் ஒதுங்கிவிடுகிறீர்கள்" என்றால் யாருக்குப் பொருந்தாது?

கார்டு படிப்பவர் இந்தச் சோதனையைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தன் வாயில் இப்படிப்பட்ட வரி வரும்போது தனக்கே உறைக்கும்.

நம்பாமல் எதற்குப் படிக்கிறீர்கள்?

ஒரு சம்பவம் சொல்கிறேன். என்னைவிட இளைய தோழி ஒருத்தி, வேறு ஊருக்கு மாறலாமா என்று வெகுநாளாகக் குழம்பிக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு கார்டு எடுக்கச் சொன்னேன். வாள் ஆறு வந்தது. படகில் போர்வை போர்த்திய ஒருவர், பக்கத்தில் ஒரு குழந்தை, இருவரும் நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் ஒருவர் நின்று கோல் ஊன்றித் தள்ளுகிறார். படகின் முன்பக்கம் ஆறு வாள்கள் செங்குத்தாகக் குத்தி நிற்கின்றன. 'பயணம், நிம்மதியை நோக்கி' என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"அக்கா, கிளம்பிப் போறவங்க இந்த வாளை எல்லாம் ஏன் கூடவே ஏத்திக்கிட்டுப் போறாங்க?" என்றாள்.

"நீயே சொல்லு."

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "புடுங்கினா ஓட்டை விழுந்துடும்ல. தண்ணி உள்ள வந்துடும்."

அப்புறம் அவள் பேசியது கார்டைப் பற்றி இல்லை. எந்தச் சண்டையை இங்கேயே விட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தாளோ, அது கூடவே வரப்போகிறது என்பதைப் பற்றி. வருஷக்கணக்காகப் பழகியும் அதை அவள் என்னிடம் சொன்னதில்லை. "என்ன பிரச்சினை உனக்கு?" என்று நேராகக் கேட்டிருந்தால் "ஒண்ணுமில்லக்கா" என்றுதான் பதில் வந்திருக்கும். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு படம் இருந்தால், முகத்தைப் பார்க்காமல் படத்தைப் பார்த்துப் பேசலாம். சொல்ல முடியாததைச் சொல்வது கொஞ்சம் சுலபமாகிறது. இதற்காகத்தான் படிக்கிறேன்.

மற்றவர்களுக்குப் படிக்கும்போது எங்கே நிறுத்திக்கொள்வீர்கள்?

உடம்பு, மருந்து, கர்ப்பம், கோர்ட் கேஸ், முதலீடு: இவற்றுக்குக் கார்டு எடுக்க மாட்டேன். டாக்டரையோ வக்கீலையோ பார்க்கச் சொல்லிவிடுவேன். அங்கே இல்லாத மூன்றாம் ஆளைப் பற்றியும் மாட்டேன். "என் வீட்டுக்காரர் மனசுல என்ன இருக்குன்னு பாருங்க" என்றால், அது அவரிடம் கேட்கவேண்டிய கேள்வி. உடைந்து அழுகிற நிலையில் ஒருவர் வந்தால் டெக்கைப் பெட்டியில் வைத்துவிட்டு அவரோடு உட்கார்ந்திருப்பேன். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பேச்சு வந்தால், மனநல மருத்துவரிடமோ நம்பகமான ஒருவரிடமோ அவரைக் கொண்டு சேர்ப்பதுதான் அன்றைய வேலை.

அதே கேள்விக்கு மறுநாளும் கார்டு எடுக்கச் சொல்லி வருகிறவர்களுக்கும் இல்லை என்றுதான் சொல்வேன். பிடித்த பதில் வரும்வரை எடுப்பதென்றால் எதற்குக் கலைக்க வேண்டும்? முகப்பைப் பார்த்தே பொறுக்கிக்கொள்ளலாமே.

பணம் வாங்குகிறவர்கள் எல்லாம் ஏமாற்றுக்காரர்களா?

இல்லை. ஒருவரின் நேரத்துக்கும் கவனத்துக்கும் கூலி கேட்பதில் தப்பில்லை. நான் வாங்குவதில்லை, வாங்கினால் கேட்பவருக்குப் பிடித்ததைச் சொல்லத் தோன்றிவிடும் என்று என்மேலேயே எனக்குச் சந்தேகம். ஆனால் "உங்கள்மேல் ஏவல் இருக்கிறது, இன்றைக்கே கழிக்கணும், இவ்வளவு ஆகும், வீட்டில் சொல்லாதீர்கள்" என்று ஆரம்பித்தால் அது டாரட்டே இல்லை. பயம் காட்டிப் பறிப்பது. 78 கார்டில் ஏவல் கார்டு என்று ஒன்று கிடையாது.

நிலா வெளிச்சத்தில் வைத்து, புகை காட்டி டெக்கைச் சுத்தம் செய்யணுமா?

கை கழுவிவிட்டுத் தொடுங்கள். பனியில் வைத்தால் கார்டு வளைந்துவிடும், புகை காட்டினால் மஞ்சளாகும். படிக்க உட்காருமுன் மனதை அடக்க உங்களுக்கு ஒரு சடங்கு தேவைப்பட்டால் வைத்துக்கொள்ளுங்கள். அது உங்களுக்காக, அட்டைக்காக இல்லை.

மொபைல் ஆப்பில் எடுத்தால் பலிக்குமா?

தற்செயல் என்ற வகையில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஆப்பில் கார்டு வந்ததுமே கீழே அர்த்தமும் வந்துவிடும், படத்தைப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. அதுதான் குறை.

வேறு டெக்குகளுக்கு எப்போது போகலாம்?

ஸ்மித்தின் படங்கள் கண்ணை மூடினால் தெரியும் அளவுக்கு வந்தபின். மார்செய் டெக் பழைய பாணி. எண் கார்டுகளில் ஆட்கள் இல்லாததால் படிப்பது கடினம், ஆனால் பிடித்துவிட்டால் விடமாட்டீர்கள். தாத் டெக்கை ஆங்கில மறைஞானி அலிஸ்டர் குரோலி சொல்லச் சொல்ல ஓவியர் ஃப்ரீடா ஹாரிஸ் 1938 முதல் 1943 வரை வரைந்தார். ஓவியங்கள் அபாரம், என் ரசனைக்குக் குறியீடுகள் கொஞ்சம் அதிகம். ஒரு எச்சரிக்கை: வெய்ட் தன் டெக்கில் வலிமையை 8 ஆகவும் நீதியை 11 ஆகவும் இடம் மாற்றிவிட்டார். மார்செய் டெக்கில் நீதி 8, வலிமை 11. டெக் மாற்றும்போது எண்ணை நம்பாமல் படத்தை நம்புங்கள்.

ஒரு கார்டு தொலைந்துவிட்டது. டெக்கைத் தூக்கிப் போடணுமா?

பல டெக்குகளில் ஒன்றிரண்டு உபரி கார்டுகள் இருக்கும், பெட்டியைத் துழாவிப் பாருங்கள். பின்பக்க வடிவம் ஒன்றுதான் என்பதால் அதில் தொலைந்த கார்டின் பெயரை எழுதி உள்ளே சேர்த்துவிடலாம். வரையத் தெரிந்தால் வரைந்துவிடுங்கள். நான் மேலே சொன்ன விஸ்கோன்டி-ஸ்ஃபோர்ஸா கார்டுகளில் இன்று மிஞ்சியிருப்பது 74. சாத்தான், கோபுரம், வாள் மூன்று, நாணய நைட் நான்கும் இல்லை. அச்சுப்பிரதி போடுகிறவர்கள் அந்த நான்கையும் புதிதாக வரைந்துதான் சேர்த்து விற்கிறார்கள்.